இரண்டாம் நம்பர் பேட்டரி

சாலமனை உட்கார வைப்பது யாராலும் ஆகாத காரியமாக இருந்தது. டாக்டர் சொல்லிப் பார்த்தார். மகள் மோனிகா அழுது பார்த்தாள். விவேக் நகர் குழந்தை இயேசு கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கும் டோரீன், தன் கடையை ஒட்டி அவருக்கென்றே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, "இதுல வேற யாரும் உட்காரக் கூடாது, மேன்" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தாள். நாற்காலி காலியாகவே கிடந்தது.

வியாழக்கிழமை நவநாள், குழந்தை இயேசுவுக்கு விசேஷ ஜெபம் நடக்கிற நாள். பெங்களூரின் எல்லா மூலையிலிருந்தும், ஓசூர், அத்திபெலே பக்கத்திலிருந்தும் ஜனங்கள் வருவார்கள். எல்லாச் சாமி கும்பிடுகிறவர்களும் வருவார்கள். பிள்ளை பிறந்ததென்று வருவார்கள், பிள்ளை பிழைத்ததென்று வருவார்கள். வந்தவர்களுக்குக் கோயிலைப் பின்னால் வைத்து ஒரு படம் வேண்டும். காலை எட்டு மணிக்குச் சாலமன் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு நிற்க ஆரம்பிப்பார். படம் எடுத்த பத்தாவது நிமிடம், டோரீன் கடைக்குள் ஒரு மூலையில் வைத்திருந்த சின்ன பிரிண்டரிலிருந்து சூடாகப் படம் வந்துவிடும். அந்தப் பத்து நிமிடமும் நிற்பார். அடுத்த ஆள் வருகிறவரை நிற்பார். கேமராவில் பேட்டரி தீருகிறவரை நிற்பார். பேட்டரி மூன்று மணி நேரம் வரும்.

கேமரா மகன் பிரசன்னா குவைத்திலிருந்து அனுப்பியது. அதற்கு முன்னால் சாலமனுக்குக் கேமராவோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் கோலார் தங்கச் சுரங்கத்து ஆள். முதல் பதினோரு வருடம் பூமிக்குக் கீழே பாறையில் துளை போட்டார். அதற்கப்புறம் இருபது வருடம் மேலே லாம்ப் ரூமில் இருந்தார். கீழே இறங்குகிற ஒவ்வொருவனும் ஜன்னலில் தன் பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டுத் தன் நம்பர் போட்ட விளக்கை வாங்கிக்கொண்டு போவான். வெளிச்சம் தலையில், பேட்டரி இடுப்பில். ஷிப்ட் முடிந்து விளக்கு திரும்பி வந்தால்தான் ஆள் திரும்பி வந்ததாகக் கணக்கு. விளக்குகளை வாங்கி, துடைத்து, சார்ஜ் ஏற்றி, சோதித்துக் கொடுப்பது சாலமனின் வேலை. இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். மோனிகாவுக்குப் பொம்மனஹள்ளி கார்மெண்ட் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அதனால் குடும்பம் விவேக் நகருக்கு இரண்டு அறை வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

முதல் பதினோரு வருடம் இழுத்த கல்தூசியும் கூடவே வந்தது. எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்த டாக்டர், "அரை மணி நின்னா ஒரு மணி நேரம் உட்காரணும், ஐயா. இது யோசனை இல்ல, கண்டிஷன்" என்றார். சாலமன் மரியாதையாகத் தலையாட்டினார். அடுத்த வியாழக்கிழமை பதினொரு மணி வரைக்கும் நின்றார். வீட்டுக்கு வரும் வழியில், அரை பர்லாங்கு தூரத்தில், மூன்று இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டார். மனைவி ரோஸி கூடவே நடந்தாள். அவர் மூச்சு, ஓட்டை விழுந்த சைக்கிள் டியூப்பில் காற்றடிக்கிற மாதிரி கேட்டது.

"உட்கார்ந்து எடுத்தா படம் வராதா?"

"உட்கார்ந்தா ஷிப்டுல தூங்கறான்னு அர்த்தம், ரோஸி."

"இங்க இன்னா ஷிப்டு? யாரு உங்களுக்கு சங்கு ஊதறான்?"

அவர் மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டார். பதில் சொல்ல மூச்சு இல்லை.

ரோஸிக்கு அந்த யோசனை வந்தது ஒரு சாயங்காலம் கரண்ட் போனபோதுதான். சாலமன் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தார். விளக்கு அணைந்ததும் வாளியை வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே, நிலைப்படி மேல், உட்கார்ந்துவிட்டார். அது அவருடைய பழைய பழக்கம். சுரங்கத்தில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற விஷயம் அது: உன் விளக்கு அணைந்தால் ஓர் அடி எடுத்து வைக்காதே, இருக்கிற இடத்தில் உட்கார், வேறு வெளிச்சம் வருகிறவரை எழுந்திருக்காதே. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, கரண்ட் போனதும் அப்பா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தடவித் தேடுவது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. ஒருமுறை சோற்றுத் தட்டோடு வாசற்படியில் உட்கார்ந்து, அங்கேயே சாப்பிட்டு முடித்திருந்தார்.

இருபது நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. அந்த இருபது நிமிடமும் இருட்டில் ரோஸி அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல அது இறங்கி, மனிதர்கள் விடுகிற மூச்சாக ஆனது. மனைவி சொன்னால் உட்கார மாட்டார். டாக்டர் சொன்னால் உட்கார மாட்டார். விளக்கு அணைந்தால் உட்காருவார்.

அந்த மாதமே கேமராவோடு வந்த பேட்டரி உயிரை விட்டது. அதன் முதுகில் சாலமன் ஆணியால் கீறியிருந்த ஒன்றாம் நம்பர் இருந்தது. லாம்ப் ரூமில் நம்பர் இல்லாத பேட்டரி கிடையாது. அதனால் வீட்டிலும் கிடையாது.

"கம்பெனி பேட்டரியா பார்த்து வாங்கிட்டு வா. டூப்ளிகேட் தொடாத" என்று பணத்தை எண்ணிக் கொடுத்தார். கடை மெஜஸ்டிக் பக்கம் ஒரு மார்க்கெட்டில் இரண்டாம் மாடியில் இருந்தது. படி ஏற அவரால் ஆகாது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, "எனக்கு பிரிண்டர துடைக்கணும்" என்றார்.

கடைக்காரர் நாணு அத்திபெலே ஆள். ஒரு பீரோ அகலக் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ரோஸி கொடுத்த பழைய பேட்டரியைத் திருப்பிப் பார்த்தார்.

"யாரம்மா இதுல ஆணி வெச்சு கீறினது? கேரண்டி இருந்தாலும் போயிருக்குமே."

"எங்க வீட்டுக்காரர். நம்பர் போடாம எதையும் தொட மாட்டார்."

"உங்களுக்கு போடலையே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, நாணு கண்ணாடி மேல் மூன்று பேட்டரிகளை வரிசையாக வைத்தார். "நோடி அம்மா, பாருங்க. இது கம்பெனி, ஒரிஜினல். மூணு மணி நேரம் கண்ண மூடிக்கிட்டு ஓடும். விலைய கேட்டா நீங்க கண்ண மூடிக்குவீங்க. இது வேற ஆளு செய்யறது. டூப்ளிகேட்னு சொன்னா கோவிச்சுக்குவான், காம்பாட்டிபிள்னு சொல்லணும். பாதி விலை, ரெண்டு மணி நேரம் நிக்கும். என் மச்சானுக்கே இததான் குடுத்தேன், இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்கான்."

"அந்த மூணாவது?"

"அத விடுங்க. அது ஊர் திரும்பி வராத டூரிஸ்ட்டுக்கு."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"மேல ஆயிரத்து இருநூறுன்னு நம்பர் எழுதியிருப்பான். உள்ள அதுல பாதி இருந்தா அதிசயம். புதுசுல முக்கா மணி நேரம். மூணு கோடு காட்டிக்கிட்டே இருக்கும், திடீர்னு செத்துப் போகும்."

"மறுபடி சார்ஜ் ஏற?"

"ஒன்றரை மணி நேரம். அதுல மட்டும் ஒரிஜினலோட போட்டி போடும்."

ரோஸி மனதுக்குள் கணக்குப் போட்டாள். முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த மாதிரியே இருந்தது.

"வெடிக்குமா?"

"வெடிக்காது. சூடானா கழட்டி வெச்சிடுங்க. உப்பினா எடுத்துட்டு வாங்க, அத போட்டுட்டு வேற தரேன்."

"கேமரா கெட்டுப் போகுமா?"

"கேமராக்கு ஒண்ணும் ஆகாது. மானம்தான் போகும்."

"அப்ப அதையே குடுங்க."

நாணு ஸ்டூலிலிருந்து இறங்கினார். "அம்மா, இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன். எது ரொம்ப நேரம் நிக்கும்னு கேட்டு வாங்கறவங்க உண்டு. எது விலை கம்மின்னு கேக்கறவங்க உண்டு. எது சீக்கிரம் சாகும்னு கேட்டு வாங்கினது நீங்க ஒருத்தர்தான். காரணம் சொல்லலேன்னா எனக்கு சோறு இறங்காது."

ரோஸி சொன்னாள். சுரங்கம், தூசி, டாக்டர், வாளித் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னாள். நாணு கேட்டு முடித்து, மூன்றாவது பேட்டரியை ஒரு வெள்ளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். "ஐயா கேட்டா கடை பேரு சொல்லாதீங்க" என்றார்.

மிச்சப் பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோக ரோஸிக்கு மனசில்லை. வழியில் இறங்கிக் குழந்தை இயேசுவின் உண்டியலில் போட்டாள். பொய்க்குக் கூலி வாங்கக் கூடாது என்பது அவள் நியாயம்.

சாலமன் காகிதத்தைப் பிரித்து, பேட்டரியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"பெட்டி எங்க?"

"பை கனமா இருந்துச்சு. கடையிலயே போட்டுட்டேன்."

"காலிப் பெட்டி கனமா?"

"காய்கறி வேற வாங்கினேன்."

பையில் கால் கிலோ பச்சை மிளகாய் மட்டும் இருந்தது. அவர் அதையும் பார்த்தார். "சரி" என்றார். ஆணியைத் தேடி எடுத்து, இரண்டு என்று கீறினார்.

அந்த வியாழக்கிழமை எட்டே முக்காலுக்குக் கேமரா கண்ணை மூடியது. சாலமன் அதைத் திருப்பிப் பார்த்தார். பொத்தானை அமுக்கிப் பார்த்தார். பிறகு பேட்டரியைக் கழற்றி ரோஸியிடம் கொடுத்துவிட்டு நேராக நடந்து வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். டோரீன் கையிலிருந்த மெழுகுவத்திக் கட்டைக் கீழே வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"குழந்தை இயேசு செஞ்ச புதுமைதான், மேன். போஸ்டர் அடிச்சு ஒட்டணும்."

"சார்ஜர் போட பிளக் குடு, டோரீன். பேச்சு அப்புறம்" என்றாள் ரோஸி.

அதன் பிறகு வியாழக்கிழமைகள் அப்படித்தான் போயின. முக்கால் மணி நேரம் படம், ஒன்றரை மணி நேரம் நாற்காலி. ரோஸி தனக்கு ஒரு முக்காலி கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டாள். முப்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் பகல் வெளிச்சத்தில் இரண்டு பேரும் வேலையில்லாமல் சேர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். அவர் ராத்திரி ஷிப்டில் இருந்தபோது இவள் தூங்குவாள், இவள் எழுந்தபோது அவர் தூங்குவார். ஒரே கட்டிலை மாற்றி மாற்றி வாடகைக்கு எடுத்த மாதிரி வாழ்ந்தார்கள். இப்போது அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தை நடுவில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களைப் பார்த்தார்கள். எந்தக் கல்யாணம் புதுசு, எந்த மாமியார் வேண்டாவெறுப்பாக வந்திருக்கிறாள் என்று பந்தயம் கட்டினார்கள். பெரும்பாலும் ரோஸி ஜெயித்தாள்.

"உனக்கு எப்படி தெரியும்?"

"மாமியார் மெழுகுவத்தி வாங்கறப்போ மருமக பர்ஸ எடுக்கிறாளா பாருங்க. எடுக்கலேன்னா புதுசு."

ஒருநாள் அவர், கல்யாணத்துக்கு முன்னால் அவளைப் பெண் பார்க்க வந்தபோது அவள் காலில் ஒரு செருப்புத்தான் இருந்தது என்று சொன்னார். இன்னொன்றை நாய் தூக்கிக்கொண்டு போயிருந்தது. இத்தனை வருடம் அதை அவர் பார்த்ததாகவே அவளுக்குத் தெரியாது. அவர் மூச்சு இறங்கியிருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் சுவரைப் பிடிப்பது ஒன்றாகக் குறைந்து, சில நாள் அதுவும் இல்லாமல் போனது.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை யசோதா வந்தாள். அத்திபெலேக்குப் பக்கத்து ஊர். இடுப்பில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. நெஞ்சில் ஆபரேஷன் நடந்து பிழைத்த குழந்தை. சட்டைக் கழுத்துக்கு மேலே தையல் தழும்பின் நுனி தெரிந்தது. ஊரே ஒரு டெம்போவில் வந்திருந்தது. குழந்தைக்குத் தலை சீவி, முகத்துக்குப் பவுடர் போட்டு, கோயிலைப் பார்த்து நிற்க வைத்து, திருப்பி நிறுத்தி, சிரிக்கச் சொல்லி, சாலமன் பொத்தானில் விரல் வைத்தார். கேமரா மூன்று கோடு காட்டிக்கொண்டே செத்துப் போனது.

"ஒன்றரை மணி நேரம் இருக்க முடியுமாம்மா?"

"டெம்போ போயிடுமேண்ணா. டிரைவர் இப்பவே கத்தறாரு." யசோதா கேமராவைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு வராதாண்ணா? இவ நின்னுட்டு இருக்கறாப்ல ஒண்ணு. ஆஸ்பத்திரியில எடுத்ததெல்லாம் படுத்துட்டு இருக்கறதுதான்."

சாலமன் பேட்டரியைக் கழற்றிக் கையில் தேய்த்துச் சூடாக்கி மறுபடி போட்டுப் பார்த்தார். வரவில்லை. டெம்போ ஹாரன் அடித்தது. "பரவால்லண்ணா. அடுத்த வருஷம் வர்றோம். இன்னும் வளர்ந்திருப்பா" என்று சொல்லிவிட்டு யசோதா ஓடினாள். குழந்தை அவள் தோளுக்கு மேலிருந்து, சொன்ன சிரிப்பை மாற்றாமல் சிரித்துக்கொண்டே போனது.

சாலமன் நாற்காலிக்கு வந்தார். அன்றைக்குக் கடலை வாங்கவில்லை. டோரீன் கொடுத்த டீயை ரோஸி கீழே வைத்துவிட்டாள். அவர் மூச்சை வாங்கிக் கொடுத்தது யாருடைய படத்தை விற்று என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள். சொன்னால் நாளைக்கே நல்ல பேட்டரி வரும். நல்ல பேட்டரி வந்தால் மூன்று மணி நேரம் நிற்பார். வாயை மூடிக்கொண்டாள்.

மோனிகாவின் கல்யாணம் நவம்பர் கடைசியில். மாப்பிள்ளையும் கோலார் பக்கத்துப் பையன்தான். மண்டபத்துக்கு வீடியோக்காரனை ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆனால் கோயிலுக்குள் எடுக்கிற படம் மட்டும் தன்னுடையது என்று சாலமன் சொல்லிவிட்டார். "தாலி கட்டற படம் நான் எடுக்கணும். அதுல வேற எவன் கையும் படக் கூடாது."

பூசை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். தாலி நடுவில் வரும். பெண் பீடத்துக்கு வந்து நிற்பதிலிருந்து ஆரம்பித்தால், தாலி வருகிறபோது இரண்டாம் நம்பர் எந்த நிலையில் இருக்கும் என்பது ரோஸிக்கு மனப்பாடம். இந்த மூன்று மாதத்தில் அதன் முக்கால் மணி நேரம் அரை மணி நேரமாகியிருந்தது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, கல்யாணத்துக்கு இன்னொரு பேட்டரி வாங்கி வெச்சிக்கலாமா?"

"எதுக்கு? கம்பெனி பேட்டரிதானே இது?"

"கம்பெனிதான். இருந்தாலும்."

"கம்பெனி பேட்டரி வெச்சிக்கினு இன்னொண்ணு வாங்கினா கம்பெனிக்காரன் இன்னா நெனைப்பான்?" என்று கேட்டுவிட்டு அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தாளுக்குப் பின்னால் அந்த முகம் எப்படி இருந்தது என்று ரோஸி அப்போது பார்க்கவில்லை. ஊசி விரலில் குத்தியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே மெஜஸ்டிக் போய்ப் பேட்டரி வாங்கி வந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். மறுநாள் அழைப்பிதழ், அதற்கடுத்த நாள் குவைத்திலிருந்து பிரசன்னா, அதற்கடுத்த நாள் சம்பந்தி வீட்டார் என்று நாட்கள் கையிலிருந்து நழுவிப் போயின. கல்யாணத்தன்று காலை கோயிலின் முன் பெஞ்சில் பட்டுப் புடவையில் உட்கார்ந்தபோது, பூசைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் பார்த்ததெல்லாம் கைக்கடிகாரத்தைத்தான்.

மோனிகா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளை மாப்பிள்ளை பக்கத்தில் விட்டுவிட்டு அவர் கேமராவை எடுத்துக்கொண்டார். பீடத்துக்குப் பக்கத்தில், தூணுக்கு முன்னால் நின்றார். வாசகம் முடிந்தது. பிரசங்கம் ஆரம்பித்தது. சாமியாருக்கு அன்று சொல்ல நிறைய இருந்தது. இருபது நிமிடம் ஆனது. இருபத்தைந்து. மோதிரம் மாற்றினார்கள். பிளாஷ் இரண்டு தடவை அடித்தது. பிறகு சாலமன் கேமராவைக் கீழே இறக்கினார். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் கேமராவின் சின்னத் திரை கறுத்துப் போனது பெஞ்சிலிருந்தே ரோஸிக்குத் தெரிந்தது.

தட்டில் தாலியை எடுத்துச் சாமியார் தீர்த்தம் தெளித்தார்.

ரோஸி எழுந்துவிட்டாள். எழுந்து என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமலேயே எழுந்தாள். நிறுத்துங்கள் என்று சொல்வதா, ஓடிப்போய் அவர் காலில் விழுவதா. சாலமன் தூணுக்குப் பக்கத்திலிருந்து அவளைப் பார்த்தார். கையை லேசாகத் தாழ்த்திக் காட்டினார். உட்கார், என்றது கை. அதே கை சட்டைப் பையில் நுழைந்து ஒரு பேட்டரியை எடுத்தது. பழையதைக் கழற்றிப் புதியதைச் செருக அவருக்கு மூன்று வினாடி ஆகியிருக்காது. மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கழுத்தருகே கொண்டுபோனபோது கேமரா கண்ணைத் திறந்திருந்தது.

மூன்று முடிச்சுக்கும் மூன்று படம் எடுத்தார். எடுத்து முடித்ததும் புதிய பேட்டரியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பெஞ்சுக்கு வந்து ரோஸியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பூசை இன்னும் முடியவில்லை.

"மிச்சம் எடுக்கலையா?" என்று பின்னாலிருந்து பிரசன்னா கிசுகிசுத்தான்.

"ஷிப்டு முடிஞ்சுது" என்றார் சாலமன்.

மண்டபத்தில் பந்தி ஓடிக்கொண்டிருந்தபோது, ரோஸி அவரைக் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். பையிலிருந்து அவரே எடுத்துக் காட்டினார். கம்பெனி பேட்டரி. முதுகில் மூன்று என்று கீறியிருந்தது.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"நீ கையில குடுத்தப்பவே. இருபது வருஷம் தினம் ஆயிரம் பேட்டரி தூக்கின கை இது. உள்ள சரக்கு இருக்கா இல்லையான்னு அதுக்கு தெரியாதா? நீ குடுத்தது அப்பளம் மாதிரி இருந்துச்சு."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீ உண்மைய சொல்லிடுவ. அப்புறம் நான் நல்லத வாங்கணும். வாங்கினா நிக்கணும்." அவர் குழாயை மூடினார். "நீ உட்காருன்னு சொன்னா எனக்கு கோவம் வரும், ரோஸி. லாம்ப் அணைஞ்சா கோவம் வர்றதில்ல."

"இத எப்ப வாங்கினீங்க?"

"அந்த யசோதா பொண்ணு போன மறுநாள். இனிமே அப்படி ஒண்ணு நடக்கக் கூடாதுன்னு தோணிச்சு. ரெண்டு மாடி. நடுவுல நாலு தடவை உட்கார்ந்தேன்."

"நாணு சொன்னானா என் கதைய?"

"கடை பேரே தெரியாதுன்னு சொன்னான், அவன் கடைக்குள்ளயே நின்னுக்கினு."

ரோஸிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "நல்ல பேட்டரிய பையில வெச்சிக்கினா இத்தினி வாரமும் எங்கூட உட்கார்ந்திருந்தீங்க?"

"அது அவசரத்துக்கு" என்றார் அவர். பந்தியில் யாரோ கூப்பிட்டார்கள். போகிறபோது திரும்பி, "கடலைய நீதான் அதிகம் தின்ன" என்றார்.

அடுத்த வருடம் அக்டோபரில் யசோதா சொன்னபடி வந்தாள். குழந்தை வளர்ந்திருந்தாள். அன்றும் இரண்டாம் நம்பர் அணைந்தது. அன்று மட்டும் மூன்றாம் நம்பர் வெளியே வந்தது. குழந்தை நிற்கிற மாதிரி ஒன்றும், ஓடுகிற மாதிரி ஒன்றும் எடுத்தார். பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

சாலமன் இரண்டாயிரத்து ஏழு ஜூலையில் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிரசன்னா மறுநாள் விடிகாலை விமானத்தில் வந்து சேர்ந்தான். மோனிகா கைக்குழந்தையோடு வந்தாள். கோலாரிலிருந்து காலை ரயிலில் பழைய ஆட்கள் இருபது பேர் வந்து தெருவில் நின்றார்கள். பத்து மணிக்குக் கோயில், அதற்கப்புறம் ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டம். சவ வண்டி வாசலில் நின்றது. ஒன்பது மணிக்கு, மூடுவதற்கு முன்னால், பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று படம் எடுக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் வழக்கம் அது. அவர் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அப்படி எடுத்த படங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தன.

"அப்பா கேமராவுலயே எடுப்போம்" என்றான் பிரசன்னா. "பேட்டரி எங்கம்மா?"

அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இரண்டும் இருந்தன. ரோஸி டப்பாவைத் திறந்தாள். இரண்டாம் நம்பர் ஒரு பக்கம், மூன்றாம் நம்பர் ஒரு பக்கம். கொஞ்ச நேரம் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கும் இப்போது கனம் தெரிந்தது. மூன்றாம் நம்பரைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மற்றதைப் பிரசன்னாவிடம் கொடுத்தாள்.

இரண்டு வருடத்தில் அதன் ஆயுள் ஐந்து நிமிடத்துக்கு வந்திருந்தது. பிரசன்னா இரண்டு படம் எடுத்தான். மூன்றாவதற்கு எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னபோது கேமரா அணைந்தது.

"அம்மா, பேட்டரி போச்சு. வேற இருக்கா?"

"இல்ல" என்றாள் ரோஸி. "சார்ஜ் போடு. ஒன்றரை மணி நேரம் ஆகும்."

"அம்மா, பத்து மணிக்கு கோயில். சாமியார்..."

"சாமியார் உங்கப்பாவ மோனிகா கல்யாணத்துல எவ்வளவு நேரம் நிக்க வெச்சாரு, கேட்டுப் பாரு. இன்னைக்கு அவரு நிக்கட்டும்." தெருவில் நின்றவர்களைப் பார்த்து, குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னாள்: "லாம்ப் அணைஞ்சு போச்சு. உட்காருங்க."

பெங்களூர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கோலாரிலிருந்து வந்த கிழவர்கள் பார்க்கவில்லை. இருபது பேரும் நின்ற இடத்திலேயே, வீட்டு வாசலிலும் தெருவோரத்திலும் சவ வண்டியின் படியிலும், உட்கார்ந்துவிட்டார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். டோரீன் கடையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் போட்டாள். ரோஸி அதில் உட்கார்ந்தாள்.

யாரோ எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். தெருவில் பேச்சு மெல்ல ஆரம்பித்தது. லாம்ப் ரூம் ஜன்னலில் சாலமன் யாரை எப்படித் திட்டினார் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் சிரித்தார். ரோஸி சாலமனின் கை மேல் கை வைத்துக்கொண்டு, ஒரு செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போன கதையை மோனிகாவுக்குச் சொன்னாள். சொல்லி முடித்து, சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளும் அவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

சார்ஜர் சுவரோரத்தில், அவள் உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே இருந்தது. சிவப்பு விளக்கு போய்ப் பச்சை வந்ததை முதலில் பார்த்தவள் அவள்தான். யாரிடமும் சொல்லவில்லை.